கேமரா பிடிக்கும் கைகளும் கத்தி பிடிக்கும் கைகளும்

நீட் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய ஒருவருக்கு, ஈரமான குடலில் தையல் போடும்போது கை நடுங்குமா நடுங்காதா என்பதை அந்தத் தேர்வு சொல்லாது. முதுநிலை நீட் தேர்வும் சொல்லாது. இரண்டுமே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தேர்வுகள். ஆனாலும் இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது: "கோட்டாவில் வந்த டாக்டரிடம் உங்கள் வயிற்றைக் கிழிக்கக் கொடுப்பீர்களா?"

இதற்கு நம்மிடம் பழகிய பதில்கள் உண்டு. தனியார் கல்லூரியின் நிர்வாக இடங்களைப் பற்றிக் கேட்போம், கட்-ஆஃப் வித்தியாசம் எவ்வளவு குறைவு என்று காட்டுவோம், தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீடும் நம் பொது மருத்துவத்தின் தரமும் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்தே வளர்ந்ததைச் சொல்வோம். எல்லாம் சரியான பதில்கள்தான். ஆனால் கேள்வி கேட்பவர் அறுவை அரங்கைக் காட்டித்தான் பயமுறுத்துகிறார். எனவே அந்த அரங்குக்குள்ளேயே போய்ப் பார்ப்போம். அங்கே திறமை எப்படி உருவாகிறது? அதை யார் அளக்கிறார்கள்? யாருடைய உடலில் அது பழகப்படுகிறது? இந்த மூன்று கேள்விகளையும் வைத்துப் பார்க்க நுண்துளை அறுவை சிகிச்சையைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

திரையைப் பார்த்துச் செய்யும் வேலை

லேப்ராஸ்கோப்பி என்று நாம் சொல்லும் இந்த முறையில், தொப்புளருகே சுமார் ஒரு சென்டிமீட்டர் துளை போட்டு, கரியமில வாயுவை நிரப்பி, வயிற்றைக் கூடாரம்போல் உப்பச் செய்கிறார்கள். அந்தத் துளை வழியே கேமரா உள்ளே போகிறது. இன்னும் சிறிய இரண்டு மூன்று துளைகள் வழியே ஓரடி நீளமான மெல்லிய கருவிகள் போகின்றன. மருத்துவரின் கண் நோயாளியின் வயிற்றில் இருப்பதில்லை. எதிரே உள்ள திரையில் இருக்கிறது.

துளை ஒரு நெம்புகோலின் அச்சுபோல் நின்றுவிடுவதால், கையை வலப்பக்கம் நகர்த்தினால் உள்ளே கருவியின் முனை இடப்பக்கம் போகும். திரை தட்டையாக இருப்பதால் ஆழம் தெரியாது. விரல் நுனிக்குக் கிடைக்கும் தொடு உணர்வும் பெருமளவு போய்விடும். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவியவர்களுக்கு இந்தச் சிரமம் கொஞ்சம் விளங்கும். அதுவும் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துத் துழாவ வேண்டும் என்றால் எப்படி இருக்குமோ, அப்படி.

இந்தத் திறன் யாருக்கும் பிறவியில் வருவதில்லை. திறந்த அறுவை சிகிச்சையில் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர்கூட இதற்குப் புதிதாகத்தான் கையைப் பழக்க வேண்டும். பழகாத கை என்ன செய்யும் என்பதற்குப் பித்தப்பை அறுவை ஓர் எடுத்துக்காட்டு. பித்தப்பையின் சிறு குழாய் என்று எண்ணி, கல்லீரலிலிருந்து வரும் முதன்மைப் பித்தநாளத்தையே வெட்டிவிடும் விபத்து நேரும். அப்படி நேர்ந்தால், ஒன்றிரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பியிருக்க வேண்டிய ஒருவர் மஞ்சள் காமாலையோடும் மறு அறுவைகளோடும் பல மாதங்கள், சில நேரம் வாழ்நாள் முழுவதும் போராட வேண்டியிருக்கும்.

மீஞ்சூருக்கு இதில் என்ன?

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயிலில் எண்ணூரைத் தாண்டினால் அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர் என்று நிலையங்கள் வரும். சுற்றிலும் வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், காட்டுப்பள்ளித் துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. இன்னும் வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். மீஞ்சூர் அடங்கிய பொன்னேரி சட்டமன்றத் தொகுதியும் திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதியும் தனித் தொகுதிகள். சேரியிலிருந்தும் இருளர் குடியிருப்பிலிருந்தும் மீனவக் குப்பங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வருகிறவர்கள்தாம் இங்கே சுமை தூக்குகிறார்கள், சாரம் கட்டுகிறார்கள், சாம்பல் அள்ளுகிறார்கள்.

சுமை தூக்குகிறவருக்குக் குடலிறக்கம் வந்தாலோ, கேன்டீனில் வேலை செய்யும் அக்காவுக்குப் பித்தப்பையில் கல் வந்தாலோ, எந்த முறையில் அறுவை நடக்கிறது என்பது அழகு சார்ந்த விஷயம் அல்ல. பித்தப்பையைத் திறந்த முறையில் எடுத்தால் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஓய்வு தேவை. நுண்துளை முறையில் ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலானவர்கள் நடமாட்டத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாக 70 விழுக்காடு ஊதியம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஒப்பந்ததாரர் ஏட்டிலேயே பெயர் இல்லாதவருக்கு அதுவும் கிடையாது. அவருக்கு நான்கு வாரம் என்பது நான்கு வாரக் கூலி, ஒரு தவணை வட்டி, ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். தழும்பு சிறிதாக இருக்க வேண்டும் என்ற கவலை பணக்காரருக்கு இருக்கலாம். அந்தச் சிறிய தழும்பின் உண்மையான தேவை கூலிக்காரருக்குத்தான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இதில் பாதி வழியை அடைத்திருக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. லேப்ராஸ்கோப்பி அறுவைகளும் அதில் அடங்கும். ஆனால் காப்பீடு கட்டணத்தைத்தான் தரும், பழகிய கையைத் தராது. அந்தக் கை அரசு மருத்துவமனையில் இல்லாவிட்டால், மக்கள் வரிப்பணம் தனியார் மருத்துவமனைக்குப் போகும். அங்கே இருக்கும் கையும் பெரும்பாலும் ஏதோ ஓர் அரசு மருத்துவமனையில், ஏதோ ஓர் ஏழையின் உடலில் பழகிய கையாகவே இருக்கும்.

கேஸ் கொடுப்பது யார்?

அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.எஸ். பொது அறுவை மருத்துவம் படிக்கிறவர்களிடையே அடிக்கடி புழங்கும் ஒரு சொல் உண்டு. "சீஃப் கேஸ் கொடுத்தாரா?" அதாவது, யூனிட்டின் தலைவர் அந்த அறுவையை, மேற்பார்வையோடு, உன் கையால் செய்ய விட்டாரா? மூன்றாண்டுப் படிப்பில் ஒருவர் எந்த அளவுக்கு அறுவை மருத்துவர் ஆகிறார் என்பதை இந்த ஒரு கேள்வி தீர்மானிக்கிறது. முதலில் கேமரா பிடிக்க வேண்டும். பிறகு பித்தப்பையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு அறுவையின் ஒரு பகுதி. பிறகு முழு அறுவை. கேமராவிலிருந்து கத்திக்குப் போகும் இந்தப் பாதைக்கு எழுதப்பட்ட விதி இல்லை. யார் எப்போது அடுத்த படிக்கு ஏறலாம் என்பது சீஃபின் மனத்தில் இருக்கிறது.

மனம் என்பது வெற்றிடத்தில் இருப்பதில்லை. நம்பிக்கை என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். "அந்தப் பையன் மேல நம்பிக்கை இருக்கு, கொடுக்கலாம்" என்று ஒருவரைப் பற்றித் தோன்றுவதும் இன்னொருவரைப் பற்றித் தோன்றாததும் எங்கிருந்து வருகின்றன? பேச்சு வழக்கு, ஆங்கில உச்சரிப்பு, அப்பாவும் டாக்டரா என்ற விசாரிப்பு, தரவரிசைப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள எழுத்துகள். இவற்றில் எதுவும் கையைப் பற்றியதல்ல. ஆனால் இவையே கைக்கு வேலை கிடைக்குமா என்பதை முடிவுசெய்கின்றன. ஒரு முறை கேஸ் கிடைத்தவருக்கு அடுத்த முறை இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்ய வருகிறது, அதனால் மறுபடியும் கிடைக்கிறது. கேமராவிலேயே நின்றவர் மூன்றாம் ஆண்டிலும் தயங்குகிறார். பிறகு "பார்த்தீர்களா, திறமை இல்லை" என்று சொல்வது எளிதாகிவிடுகிறது. திறமையின்மையை உண்டாக்கிவிட்டு, அதையே சாட்சியாக நிறுத்துவது சாதியின் மிகப் பழைய தந்திரம்.

இது ஊகம் அல்ல என்பதற்குப் பதிவுகள் உண்டு. டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் பட்டியலின, பழங்குடி மாணவர்களின் நிலையை ஆராய சுகதேவ் தோரட் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2007இல் அறிக்கை தந்தது. ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைக்கவில்லை என்று அந்த மாணவர்களில் 69 விழுக்காட்டினர் சொன்னார்கள். செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தங்களுக்கு நியாயமாக மதிப்பிடப்படவில்லை என்று சொன்னவர்கள் 80 விழுக்காட்டுக்கும் மேல். எழுத்துத் தேர்வில் முகம் தெரியாது. கையையும் வாயையும் மதிப்பிடும் இடத்தில் முகம் தெரிகிறது.

மும்பை நாயர் மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவம் படித்துவந்த பாயல் தட்வியை நாம் மறக்கவில்லை. தட்வி பில் பழங்குடியினத்தைச் சேர்ந்த அந்த இளம் மருத்துவர் 2019 மே 22 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். மூன்று மூத்த மருத்துவர்கள்மீது வழக்குப் பதிவானது. அந்தக் குற்றச்சாட்டுகளை முடிவுசெய்ய வேண்டியது நீதிமன்றம். ஆனால் குடும்பத்தார் சொன்ன புகார்களில் ஒன்றை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். வசவுகளோடு, பிரசவம் பார்க்கவும் தன்னை விடவில்லை என்று பாயல் வருந்தியதாக அவர்கள் சொன்னார்கள். வசவு காதில் விழும், சாட்சி இருக்கும். வேலை கொடுக்காமல் இருப்பதற்குச் சாட்சியே இருக்காது. லாக் புக்கில் ஒரு வரி குறையும், அவ்வளவுதான்.

அந்த லாக் புக்கிலும் கையெழுத்துப் போடுகிறவர் சீஃப்தான். இறுதித் தேர்விலோ, நோயாளியைப் பரிசோதித்து நோயைச் சொல்வது, கருவிகளையும் எக்ஸ்ரே படங்களையும் காட்டிக் கேட்கும் வாய்மொழித் தேர்வு ஆகியவைதாம் மையம். தேர்வர் அறுவை செய்வதை யாரும் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போடுவதில்லை. "தகுதி, திறமை" என்று வாய் ஓயாமல் பேசும் ஓர் அமைப்பு, அறுவை மருத்துவரின் முதன்மைத் திறமையை நுழைவுத் தேர்விலும் அளப்பதில்லை, வெளியேறும் தேர்விலும் அளப்பதில்லை.

படிப்பு முடிந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். நுண்துளை அறுவையில் மேலும் தேர்ச்சி பெற விரும்பினால் எம்.சிஎச். போன்ற உயர்சிறப்புப் படிப்புக்குப் போக வேண்டும். அங்கே சாதிவாரி இடஒதுக்கீடு கிடையாது என்பதில் உச்ச நீதிமன்றம் உறுதியாக நிற்கிறது. இல்லையென்றால் ஃபெலோஷிப். அந்த இடங்களில் பெரும்பகுதி தனியார், அறக்கட்டளை மருத்துவமனைகளில் இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் பணம் கட்டிச் சேரும் சில நாள் பயிற்சி முகாம்கள். இந்தியாவில் நுண்துளை முறையில் பித்தப்பை அகற்றும் அறுவை 1990இல் மும்பையின் ஜே.ஜே. அரசு மருத்துவமனையில் டெஹெம்டன் உத்வாடியாவின் கையால் தொடங்கியது. பொது மருத்துவமனையில் பிறந்த கலை, கற்பதற்குத் தனியார் வாசலில் நிற்க வேண்டியதாகிவிட்டது.

யாருடைய உடலில்?

இந்தியாவில் லேப்ராஸ்கோப் முதலில் பெருந்திரளான மக்களைத் தொட்டது பித்தப்பை அறுவையில் அல்ல, பெண்களின் கருத்தடையில். அந்தப் பெண்கள் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2014 நவம்பர் 8 அன்று சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தில், பயன்பாட்டில் இல்லாத ஒரு தனியார் மருத்துவமனைக் கட்டடத்தில் கருத்தடை முகாம் நடந்தது. ஒரே மருத்துவர், சில மணி நேரத்தில், 83 பெண்களுக்கு லேப்ராஸ்கோப் மூலம் கருத்தடை செய்தார். ஒரு குழு ஒரு நாளில் 30 பேருக்கு மேல் செய்யக் கூடாது என்பது அரசின் சொந்த வழிகாட்டுதல். அந்த முகாமிலும் அடுத்த ஓரிரு நாளில் அருகே நடந்த முகாம்களிலும் சிகிச்சை பெற்றவர்களில் 13 பெண்கள் இறந்தார்கள். கொடுத்த மாத்திரையில் நஞ்சா, கருவிகளால் தொற்றா என்று நீண்ட சர்ச்சை நடந்தது. இறந்தவர்களில் அருகிவரும் பைகா பழங்குடியைச் சேர்ந்த பெண்ணும் உண்டு.

நம் பேச்சுக்கு முக்கியமான செய்தி வேறொன்று. அதே மருத்துவரை, 50,000 கருத்தடை அறுவைகள் செய்து முடித்ததற்காக, அதே ஆண்டின் குடியரசு நாளில் மாநில அரசு பாராட்டியிருந்தது. அதாவது, அரசுக்குத் தெரிந்த ஒரே திறன் அளவுகோல் எண்ணிக்கை. எவ்வளவு நேரம் எடுத்தார், கருவியைச் சுத்தப்படுத்தினாரா, எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது, அந்தப் பெண்கள் ஒரு மாதம் கழித்து எப்படி இருந்தார்கள் என்பதெல்லாம் கணக்கில் வரவில்லை. தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில் 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மூன்று ஆண்டுக்குள் முகாம் முறையையே நிறுத்தும்படி உத்தரவிட்டது. ஒடுக்கப்பட்ட பெண்களின் உடலை எண்ணிக்கையாகப் பார்த்த பார்வைக்கு 13 உயிர்கள் போன பிறகு கிடைத்த உத்தரவு அது.

எனவே "திறனை அளக்க வேண்டும்" என்று நாம் சொல்லும்போது, மருத்துவருக்காக மட்டும் சொல்லவில்லை. மேசையில் படுத்திருக்கும் உடலுக்காகவும் சொல்கிறோம். கற்றுக்கொள்ளும் வாய்ப்பு மேல்சாதிக் கைக்கு, கற்றுக்கொள்ளப்படும் உடல் சேரிக்காரருடையது என்ற ஏற்பாட்டில் இரண்டு முனையிலும் இழப்பது நம் மக்கள்.

அளக்க முடியும்

கைத்திறனை நேர்மையாக அளக்கவே முடியாது, அது குருவின் கண்ணுக்குத்தான் தெரியும் என்று சொல்பவர்கள் உண்டு. குருவின் கண் என்ன செய்யும் என்பதை ஏகலைவனின் கட்டைவிரல் அறியும். உலகம் அந்தக் கட்டத்தைத் தாண்டி முப்பது ஆண்டுகள் ஆகின்றன.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மருத்துவர்கள் ஒரு வாரக்கடைசிப் பயிற்சிக்குப் போய், பன்றிகளில் பழகிவிட்டு, திங்கட்கிழமை மனிதர்களிடம் வந்தார்கள். பித்தநாளங்கள் வெட்டுப்பட்டன, மரணங்கள் நிகழ்ந்தன. 1992இல் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறை தலையிட்டு, மேற்பார்வையில் குறைந்தது 15 அறுவைகள் செய்தவருக்குத்தான் தனியாகச் செய்ய அனுமதி என்று வழிகாட்டியது. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது என்பது விரைவில் புரிந்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஃப்ரைடு குழுவினர் ஒரு பெட்டிக்குள் செய்யும் எளிய வேலைகளை உருவாக்கினார்கள். குச்சியிலிருந்து குச்சிக்குச் சிறு வளையங்களை மாற்றுவது, கோட்டின்மீது துணியை வெட்டுவது, சுருக்குப் போடுவது, உள்ளேயும் வெளியேயும் முடிச்சுப் போடுவது. நேரத்துக்கும் பிழைக்கும் மதிப்பெண். அதிலிருந்து வளர்ந்த எஃப்.எல்.எஸ். தேர்வு 2004இல் அறிமுகமானது. இன்று அமெரிக்காவில் அதில் தேறாமல் பொது அறுவை மருத்துவருக்கான வாரியச் சான்றிதழ் கிடையாது.

பெட்டியில் பழகியது மனித உடலில் உதவுமா? யேல் பல்கலைக்கழகத்தில் 2002இல் வெளியான ஆய்வில், கணினி மாதிரியில் பழகிய பயிற்சி மருத்துவர்கள் பித்தப்பையைப் பிரிக்கும் வேலையை 29 விழுக்காடு வேகமாகச் செய்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்துவதோ சுடக்கூடாத திசுவைச் சுடுவதோ ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. மதிப்பிட்டவர்களுக்கு யார் பழகியவர், யார் பழகாதவர் என்று தெரியாது. 2013இல் மிச்சிகன் மாநிலத்தின் 20 உடற்பருமன் அறுவை மருத்துவர்கள் தங்கள் அறுவையின் வீடியோவைத் தந்தார்கள். பெயர் தெரியாத நிலையில் சக மருத்துவர்கள் மதிப்பெண் போட்டார்கள். கீழ்க் கால்பகுதியில் வந்தவர்களின் நோயாளிகளில் 14.5 விழுக்காட்டினருக்குச் சிக்கல்கள் வந்தன. மேல் கால்பகுதியில் அது 5.2 விழுக்காடு. எல்லோரும் பட்டம் பெற்றவர்கள், எல்லோரும் அனுபவசாலிகள். பட்டமும் பெயரும் மறைத்த வித்தியாசத்தைப் பெயரை மறைத்த வீடியோ காட்டிவிட்டது.

ஜப்பானில் 2004 முதல், நுண்துளை அறுவைக்குத் தகுதிச் சான்று கேட்பவர் வெட்டாத முழு வீடியோவை அனுப்ப வேண்டும். பெயரும் மருத்துவமனையும் தெரியாமல் இரண்டு நடுவர்கள் மதிப்பிடுகிறார்கள். இங்கிலாந்தில் பெருங்குடல் புற்றுநோய்க்கு நுண்துளை அறுவை நல்லது என்று 2006இல் அறிவித்தபோது அதைச் செய்யப் போதிய கைகள் இல்லை. அரசே 2008இல் தேசியப் பயிற்சித் திட்டம் தொடங்கி, ஏற்கெனவே பணியிலிருந்த மருத்துவர்களுக்கு ஆசிரியர்களை அமர்த்திக் கற்றுக்கொடுத்தது. இறுதியில் அங்கேயும் இரண்டு முழு வீடியோக்கள், பெயர் மறைத்த மதிப்பீடு.

நுண்துளை அறுவையின் தனித்தன்மை இது. முழு அறுவையும் ஏற்கெனவே கேமராவில்தான் நடக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் பதிவாகிவிடும். வயிற்றுக்குள்ளிருந்து எடுத்த படத்தில் மருத்துவரின் தோல் நிறம் தெரியாது, அப்பாவின் தொழில் தெரியாது, எந்த ஒதுக்கீட்டில் வந்தவர் என்று தெரியாது. கருவியின் முனை மட்டும் தெரியும். சாதியை மறைத்துத் திறமையை மட்டும் பார்க்க ஆசைப்படுகிறோம் என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட நல்ல கருவி கிடைக்காது. அப்படியிருந்தும் அவர்கள் இதைக் கேட்டுப் போராடி நாம் பார்த்ததில்லை.

திறமை பட்டத்தோடு பிறப்பதில்லை என்பதற்கு விவியன் தாமஸின் வாழ்க்கையை நினைவூட்டலாம். கறுப்பினத்தவர். கல்லூரிக்குப் போகப் பணம் இல்லாதவர். ஆய்வகத்தில் வேலை பார்த்தும் துப்புரவுப் பணியாளராகவே வகைப்படுத்திக் கூலி கொடுத்தார்கள். 1944 நவம்பர் 29 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நீலக் குழந்தைக்கான முதல் இதய அறுவையை ஆல்ஃபிரட் பிளாலாக் செய்தபோது, அந்த அறுவையை நாய்களில் செய்து செம்மைப்படுத்தியிருந்த தாமஸ் ஒரு படிப்பலகைமேல் ஏறி, பின்னால் நின்று சொல்லித்தந்தார். பிற்காலத்தில் புகழ்பெற்ற எத்தனையோ அறுவை மருத்துவர்கள் அவரிடம் கை பழகினார்கள்.

நம் ஊரில் இந்தக் கதைக்கு இன்னும் நீண்ட வரலாறு. கட்டி கீறுவதும் பிரசவம் பார்ப்பதும் நாவிதர் சமூகத்தின் வேலையாக இருந்தது. "மருத்துவர்", "மருத்துவச்சி" என்றே அவர்களை அழைத்தார்கள், தீட்டு என்று தள்ளியும் வைத்தார்கள். ரத்தமும் சீழும் தொடுகிற வேலை பட்டமாகவும் வருமானமாகவும் மாறிய பிறகு அந்தக் கைகளுக்கு அரங்கில் இடமில்லை. இன்றும் பிணவறையில் உடலைக் கீறித் திறக்கும் வேலையைப் பல இடங்களில் துப்புரவுப் பணியாளர்களே செய்கிறார்கள் என்பது மருத்துவத் துறையில் எல்லோரும் அறிந்த செய்தி. உயிரற்ற உடலைத் திறக்கத் தலித்தின் கை போதும், உயிருள்ள உடல் என்றால் மட்டும் தகுதிபற்றிய கவலை வந்துவிடுகிறது.

எச்சரிக்கையும் கோரிக்கையும்

அளவுகோல் வந்தால் மட்டும் நீதி வந்துவிடாது. நீட்டும் ஓர் அளவுகோல்தான். அனிதாவை இழந்த மாநிலம் நம்முடையது. பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்தவர் மட்டும் தேறும் தேர்வு இன்னொரு வடிகட்டியாகிவிடும். கருவிகளின் கைப்பிடியே பெரிய கைகளுக்கேற்ப வடிவமைக்கப்பட்டிருப்பதால், சிறிய கை உள்ள பெண் மருத்துவர்கள் கூடுதல் சிரமப்படுகிறார்கள். அதைக் கணக்கில் எடுக்காமல் நேரத்தை அளந்தால் அதுவும் அநீதி. ஆகவே முதலில் கற்றுக்கொடுக்கும் கடமை அரசுக்கு, பிறகுதான் அளக்கும் உரிமை.

தமிழ்நாட்டால் இது முடியும். தொழிற்சாலைகளில் கை நசுங்கி வந்த தொழிலாளர்களுக்காக ஸ்டான்லி மருத்துவமனையில் ஆர். வெங்கடசாமி 1970களில் வளர்த்த கை அறுவைத் துறை, நாட்டுக்கே வழிகாட்டியாக நின்றது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருவள்ளூரும் ஒன்று. கட்டடம் வந்துவிட்டது, கைகள் வர வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை எளிமையானவை. முதலாவது, அறுவை முதுநிலைப் படிப்புள்ள ஒவ்வோர் அரசுக் கல்லூரியிலும் பயிற்சிப் பெட்டிகள் இரவும் பகலும் மாணவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். ஒரு பெட்டி, ஒரு கைப்பேசிக் கேமரா, அரங்கில் கழித்துவிட்ட கருவிகள் இருந்தாலே தொடங்கலாம், கோடிகள் தேவையில்லை. பெட்டியில் தேறிய பிறகே நோயாளியிடம் கை வைக்க வேண்டும், தேறியவருக்குக் கேஸ் மறுக்கக் கூடாது. இரண்டாவது, கேமரா பிடித்தது எத்தனை, பகுதி செய்தது எத்தனை, முழுவதும் செய்தது எத்தனை என்று ஒவ்வொரு மாணவரின் கணக்கும் மின்பதிவாக வேண்டும். பெயர் நீக்கி, சமூகப் பிரிவு, பாலின வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மூன்றாவது, எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் இறுதித் தேர்வில் பெயர் மறைத்த வீடியோ மதிப்பீட்டைச் சேர்க்க வேண்டும். நான்காவது, மாவட்ட உறைவிடப் பயிற்சிக்காக வெளியே அனுப்பப்படும் முதுநிலை மாணவர்களும், பணியிலிருக்கும் அரசு அறுவை மருத்துவர்களும், பொன்னேரி போன்ற மருத்துவமனைகளில் ஆசிரியரோடு சேர்ந்து அறுவை செய்யும் ஏற்பாடு வேண்டும். வடகிழக்கு மாநில ஊரகங்களில் வாயு நிரப்பாமல், வயிற்றுச் சுவரைத் தூக்கிப் பிடித்து, தண்டுவட மயக்க மருந்திலேயே நுண்துளை அறுவை செய்கிறார்கள். பெரிய கருவிகள் இல்லை என்பது காரணம் ஆகாது. ஐந்தாவது, யார் அறுவை செய்யப்போகிறார், யார் மேற்பார்வை என்பதை நோயாளிக்குத் தமிழில் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். கேட்டால் வீடியோவையும் தர வேண்டும். ஏழை என்பதால் அவர் பயிற்சிப் பொருள் ஆகிவிட மாட்டார்.

இதை யாராவது தொடங்கி வைப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரிக்கு ஒரு மனு எழுதுங்கள். திறன் ஆய்வகத்தில் எத்தனை லேப்ராஸ்கோப்பி பயிற்சிப் பெட்டிகள் இருக்கின்றன, கடந்த மூன்று ஆண்டுகளில் அவை எத்தனை மணி நேரம் பயன்பட்டன, ஒவ்வொரு பிரிவைச் சேர்ந்த முதுநிலை மாணவரும் சராசரியாக எத்தனை நுண்துளை அறுவைகளை முதன்மை அறுவையாளராகச் செய்தார்கள் என்று கேளுங்கள். "அந்த விவரம் பராமரிக்கப்படவில்லை" என்று பதில் வந்தால், அதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை யாராவது கோட்டா டாக்டரைப் பற்றிக் கேட்டால், அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டலாம்.